ஒரு கால் மட்டும் வீங்கினால் நீவி விடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. மூன்று வாரத்துக்கு முன்பு கோவையில் இடது முழங்காலுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. முந்தாநாளிலிருந்து அதே காலின் கெண்டைச்சதை வீங்கி வலிக்கிறது. "வாய்வு பிடிச்சிருக்கும், எண்ணெய் காய்ச்சி நீவி விட்டா சரியாப் போயிரும்" என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. செய்யலாமா? (வாசகி, பல்லடம்)

பதில்: நீவ வேண்டாம். எண்ணெயால் கெடுதல் இல்லை, அழுத்தித் தேய்ப்பதுதான் ஆபத்து. அம்மாவை இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

மூட்டு மாற்றிய காலில் சில வாரங்களுக்கு வீக்கம் இருப்பது சகஜம். ஆனால் அது நாளுக்கு நாள் வடிய வேண்டும். வடிந்து வந்த கால் திடீரென மறுபடி வீங்கி, கெண்டைச்சதையும் வலித்தால், ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அங்கிருந்து ஒரு துண்டு பிய்த்துக்கொண்டால், இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். நீவ வேண்டாம் என்பது இதனால்தான்.

திருப்பூர்ப் பக்கம் இஞ்ச் டேப் இல்லாத வீடு ஏது? முழங்காலுக்குக் கீழே துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி, இரண்டு கால்களின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். நம் மாநிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. புறங்கையை வைத்து எந்தக் கால் சூடாக இருக்கிறது என்று பாருங்கள். பாதத்தை மேலே மடக்கி வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நம்ப முடியாது. அளவில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும், உறைவு சத்தமில்லாமலும் இருக்கும்.

தறியிலும் தையல் மெஷினிலும் நாள் முழுக்க வேலை செய்பவர்களுக்குச் சாயங்காலம் இரண்டு காலும் வீங்கி, காலையில் வடிந்துவிடுவது வேறு விஷயம். அதற்கு இவ்வளவு அவசரம் இல்லை.

உறுதிப்படுத்த, ரத்தக்குழாயைப் பார்க்கும் அல்ட்ராசவுண்டான டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். வெறும் வயிறு தேவையில்லை, ஊசியும் இல்லை. கருவியால் மேலிருந்து அழுத்தும்போது நல்ல ரத்தக்குழாய் அமுங்கிவிடும், உறைந்தது அமுங்காது. உறைவு கரையும்போது வரும் பொருளை அளக்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்கள் வரை அதன் அளவு பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும்.

டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார்கள். "வலி போயிருச்சே" என்று அம்மா அதைப் பாதியில் நிறுத்தியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். உறைவு உறுதியானால் குறைந்தது 3 மாதம் மருந்து எடுக்க வேண்டியிருக்கும். மருந்து உறைவு பெருகாமல் தடுக்கும், உடம்பே மெல்ல மெல்ல அதைக் கரைத்துக்கொள்ளும்.

திடீரென மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ ஸ்கேன் சென்டரைத் தேட வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். உறைவுத் தடுப்பு மருந்தோடு டைக்ளோஃபெனாக் போன்றவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.