ஐந்து மாதமா? முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ தங்கச்சி

இலங்கை மன்னாரிலிருந்து வந்து மதுரை ஆனையூரில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாய், வயிற்றில் பிள்ளை ஐந்து மாதமாகியும் எந்த டாக்டரிடமும் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய். வாடகை வீடு, உன் புருஷனுக்கு வேலை பற்றியெல்லாம் வேறு யாராவது சொல்லட்டும், பெயிண்டிங் வேலை மதுரையில் எப்படியும் கிடைக்கும்.

அங்கே மாதிரி மிட்வைஃப் வீடு தேடி வருவார் என்று காத்திருக்காதே. இங்கேயும் நர்ஸம்மா உண்டு, ஆனால் நீ வந்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளைப் பார்ப்பார்கள், காசு கிடையாது. ரத்தம், பிரஷர் பார்த்து, ஊசி போட்டு, இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அந்த மாத்திரையைத் தேத்தண்ணியோடு (டீ) விழுங்காதே, நம் சனம் அப்படி விழுங்கிவிட்டு ரத்தம் ஏறவில்லை என்று மாத்திரையைக் குறை சொல்லும். பிள்ளையின் உறுப்புகளைப் பார்க்கிற ஸ்கேனுக்கு 18 முதல் 20 வாரம்தான் சரியான நேரம், உனக்கு அது இப்போதுதான். அங்கே உன் பேரைப் பதிந்ததும் தருகிற ஆர்சிஎச் எண்ணை, அதாவது கர்ப்பப் பதிவு எண்ணை, பத்திரமாக வை, பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். இங்கே பிறந்தாலும் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை கிடையாது, இலங்கைப் பிரஜையாகப் பதியவும் அந்தச் சான்றிதழ்தான் வேண்டும்.

பேரைக் கொடுத்தால் போலீஸ் வரும் என்று பயங்காட்டுகிற பழைய ஆட்களை நம்பாதே. உன்னைப் போல எத்தனையோ கர்ப்பிணிப் பிள்ளைகளை நானே கூட்டிப்போயிருக்கிறேன், அப்படி ஒன்றும் நடந்ததில்லை. முன்பு வாய் திறக்கவே பயந்த நான் இப்போது மதுரைக்காரி மாதிரி கேள்வி கேட்டுத்தான் வெளியே வருவேன்.

1990-ல் ராமேஸ்வரத்தில் படகை விட்டு இறங்கியபோது எனக்கும் வயிற்றில் பிள்ளை. மண்டபம் அகதி முகாமிலிருந்து மதுரைப் பக்கம் வேறொரு முகாமுக்கு அனுப்பினார்கள். கால் வீங்கிப் போய்த்தான் தண்ணிக்குடம் தூக்கினேன், அது பிரஷர் என்று சொல்ல ஒருத்தருமில்லை. மகள் குறைமாசத்தில் பிறந்தாள், இரண்டு கிலோ கூட இல்லை. பக்கத்துக் கொட்டகைக் கிழவி பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை வைக்கச் சீனித்தண்ணியோடு வந்தார். ஆஸ்பத்திரி ஆயா அதைத் தட்டிவிட்டு, என் சீம்பாலைப் பீய்ச்சிச் சங்கில் ஊட்டி, பிள்ளையை என் நெஞ்சோடு சேர்த்துச் சேலையால் கட்டிவிட்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, அவரால்தான் என் மகள் பிழைத்தாள்.

கை, முகம் வீங்கினாலோ, விடாமல் தலை வலித்தாலோ, கண் மங்கினாலோ செவ்வாய்க்கிழமை வரட்டும் என்று இருக்காதே. 108-ஐக் கூப்பிட்டு நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போ.