துரத்தி வரும் செருப்பு

கேள்வி: செல்பேசியில் ஒரு ஜோடி செருப்பைப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று மூடிவிட்டேன். அன்று முதல் செய்தி படித்தாலும் வானிலை பார்த்தாலும் அதே செருப்பு எதிரே வந்து நின்றது. பத்தாம் நாள் வாங்கியே விட்டேன். ஆறு வயது மகளோ விளம்பரத்தில் வரும் பொம்மையைக் கேட்டு அடம்பிடிக்கிறாள். எனக்கு மன உறுதி போதவில்லையா?

பதில்: அன்புள்ள சகோதரி, பத்து நாள் தாக்குப்பிடித்தவரை மன உறுதி இல்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்து அது திரையில் முழுமையாகத் தோன்றுவதற்குள், அதிலுள்ள விளம்பர இடத்துக்கு விளம்பரதாரர்களின் கணினிகளுக்கிடையே ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. உங்கள் செல்பேசியில் பதிந்துள்ள குக்கீ (நீங்கள் பார்த்ததை நினைவில் வைக்க இணையதளம் விட்டுச்செல்லும் சிறு குறிப்பு), இவர் இந்தச் செருப்பைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர் என்று அங்கே அடையாளம் காட்டிக்கொடுப்பதால், முன்பின் தெரியாத ஒருவரைவிட உங்கள் கண்ணுக்கு அதிக விலை கிடைக்கிறது. வேண்டாமென்று நீங்கள் மூடியது, அவர்களுடைய கணக்கில் பாதி சம்மதம்.

திரும்பத் திரும்பக் காட்டுவதற்கும் காரணம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸயன்ஸ் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற சொற்களைக்கூட அடிக்கடி கண்டவர்கள் அவற்றுக்கு நல்ல பொருள் இருக்கும் என்றே கருதினார்கள். பழக்கமானது பிடித்துப்போகிறது, பள்ளியில் மனப்பாடம் செய்த செய்யுளை மறந்துவிட்ட எனக்கு, அந்நாளைய விளம்பரப் பாட்டு ஒன்று இன்றும் அட்சரம் பிசகாமல் வருகிறது.

ஆகவே மனத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டு, வழியில் கொஞ்சம் மேடு பள்ளம் உண்டாக்குங்கள். செல்பேசியில் சேமித்து வைத்துள்ள வங்கி அட்டை எண்ணை நீக்கிவிட்டால், ஒவ்வொரு முறையும் எழுந்து போய் அட்டையை எடுத்து வரவேண்டியிருக்கும். அந்த நடையிலேயே பல ஆசைகள் உதிர்ந்துவிடும். குக்கீகளை அழியுங்கள், தள்ளுபடி அறிவிப்புகளை நிறுத்துங்கள். வேண்டுமென்று தோன்றிய பொருளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, ஒரு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள்.

மகளைக் கோபிக்க வேண்டாம். விளம்பரம் விற்பதற்காகவே செய்யப்பட்டது என்பது ஆறு வயதில் பெரும்பாலும் விளங்காது. கனடாவின் கியூபெக் மாகாணம் 13 வயதுக்குட்பட்டோரைக் குறிவைக்கும் வணிக விளம்பரங்களை 1980 முதல் தடைசெய்திருப்பது இதனால்தான். அவளருகில் உட்கார்ந்து விளம்பரத்தைப் பார்த்து, "அந்தப் பொம்மை தானாக நடக்கிறதா, யாராவது கையால் நகர்த்துகிறார்களா?" என்று கேளுங்கள். திரையோரத்தில் தெரியும் விரலை முதலில் கண்டுபிடிப்பது அவளாகத்தான் இருக்கும்.

செருப்பு காலுக்குப் பொருந்துகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பொருந்தினால் உறுத்தலின்றிப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள். எப்படியானாலும் அதன் படம் இன்னும் சில நாள் உங்கள் பின்னால் வரக்கூடும். நீங்கள் வாங்கிவிட்ட செய்தி எல்லா ஏலக்காரர்களுக்கும் உடனே போய்ச் சேர்வதில்லை.