கணவர் சம்பளமும் மனைவி உழைப்பும்

கேள்வி: படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அரசு உதவித்தொகை தருவது சரி. ஆனால் கணவர் கைநிறையச் சம்பாதிக்கும் வீட்டுக்கும் எதற்கு? வருமான வரம்பு வைத்தால் என்ன தவறு?

பதில்: ராத்திரி எழுந்து நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பவர் மனைவி. நீங்கள் பார்க்கச் சொல்வது கணவரின் சம்பளச் சீட்டை. இதே வேலையை மருத்துவமனையில் ஓர் ஆயா செய்தால், அவருடைய கணவர் என்ன சம்பாதிக்கிறார் என்று கேட்டுவிட்டா சம்பளம் கொடுக்கிறோம்?

பிரிட்டனில் 1976-இல் இந்த உதவித்தொகை வந்தபோது, கணவரோடு வாழும் பெண்களுக்குக் கிடையாது என்றே சட்டம் சொன்னது. எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்ற நினைப்பு. தாயைக் கவனிக்க வேலையை விட்ட ஜாக்கி டிரேக் என்ற பெண்ணின் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1986-இல் அவர் ஜெயித்தார், அந்தத் தடையும் ஒழிந்தது. கணவர் வருமானத்தைச் சேர்த்துப் பார்க்கும் வரம்பு, அதே நினைப்பைக் கொல்லைப்புறமாக உள்ளே விடுகிறது. அயர்லாந்தில் இன்னும் துணைவரின் வருமானத்தையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். பராமரிப்பாளர்கள் பல வருடம் போராடிய பிறகு, அந்தச் சோதனையைப் படிப்படியாக எடுத்துவிடுவதாக 2025-இல் அமைந்த அரசு வாக்குக் கொடுத்திருக்கிறது.

சரி, கவனிப்பவரின் சொந்தச் சம்பாத்தியத்துக்கு மட்டும் வரம்பு வைத்தால்? பிரிட்டன் அதைத்தான் செய்கிறது. அங்கே வாரம் 35 மணி நேரமாவது கவனிக்க வேண்டும். 2024-25-இல் வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பது வாரம் 151 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஒரு பவுண்டு தாண்டினாலும் அந்த வாரத்து உதவித்தொகையான 81.90 பவுண்டு முழுசாகப் போய்விடும். அதைவிடக் கொடுமை, கூடுதலாகச் சம்பாதித்த தகவல் வரித்துறை வழியாக அதிகாரிகளுக்கு வந்தும் பல பேர் விஷயத்தில் சும்மா இருந்துவிட்டு, வருடக்கணக்கில் சேர்ந்த பிறகு ஆயிரக்கணக்கான பவுண்டுகளைத் திருப்பிக் கட்டு என்று கேட்டார்கள். அம்மாவையோ பிள்ளையையோ பார்த்துக்கொண்டே பகுதிநேர வேலைக்குப் போனவர்களைக் குற்றவாளிபோல நடத்தினார்கள். 2025 ஏப்ரலில் வரம்பை 196 பவுண்டாக உயர்த்தினார்கள். தாண்டினால் மொத்தமும் போகும் என்ற விதி அப்போதும் மாறவில்லை.

வசதியானவருக்கும் பணம் போகிறதே என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்கு வருமான வரி இருக்கிறது. அயர்லாந்தில் இந்தத் தொகைக்கும் வரி உண்டு, வசதியான வீட்டிலிருந்து ஒரு பங்கு அரசுக்கே திரும்பிவிடும். அப்புறம், கஜானாவில் பணம் போதவில்லை, ஏழைக்கு முதலில் கொடுப்போம் என்றால் அதையும் ஒத்துக்கொள்கிறேன். அப்போதும் கவனிப்பவரின் சொந்த வருமானத்தை மட்டும் பார்க்கட்டும். வரம்பைத் தாண்டினால் அதற்கேற்பக் கொஞ்சம் குறைக்கட்டும், மொத்தமாகப் பிடுங்க வேண்டாம்.