சோளத்துக்கு முன் ஈயம்

கேள்வி: இல்லினாய் என்றாலே மக்காச்சோளக்காடுதான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் அந்தப் பகுதியில் முதலில் குடியேறியவர்கள் எல்லாரும் விவசாயிகள்தானா?

பதில்: எல்லா இடத்திலும் இல்லை. மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் ஜோ டேவிஸ் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆட்களை இழுத்தது ஈயம். சுற்றுவட்டாரத்தை வழித்துத் தட்டையாக்கிய பனிப்பாறைகள் இந்தப் பக்கம் வரவில்லை. அதனால் நிலம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. தாதுவும் ஆழம் போகாமலே கிடைத்தது. தாதுவின் பெயர் கலீனா, கவுண்டியின் தலைநகருக்கும் அதே பெயர்தான். ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனால் கை சட்டென்று தாழ்ந்துவிடும். உடைத்தால் பளபளவென்று கனசதுரங்களாகவே உடையும்.

ஆனால் ‘முதலில்’ என்றதும் 1820களில் வந்த வெள்ளையர்களிலிருந்து கதையைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு முன்பே பூர்வகுடிகளான மெஸ்குவாக்கி, சாக் இனப் பெண்கள் அந்த வட்டாரத்தில் ஈயம் எடுத்தார்கள். பாறை குறுக்கிட்டால் அதன்மேல் தீ மூட்டிச் சூடேற்றி, குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவார்கள், பாறை வெடித்துவிடும். தாதுவைக் கூடையில் சுமந்து வந்து, சரிவில் குழி வெட்டி, விறகு அடுக்கி உருக்குவார்கள். பிரெஞ்சு வியாபாரிகள் வாங்கியது இந்த ஈயத்தைத்தான். அந்தத் தொழிலைச் செய்து காட்டியவர்களை 1832-இல் சாக் தலைவர் பிளாக் ஹாக் அமெரிக்கப் படையை எதிர்த்து நடத்திய போரோடு மிசிசிப்பிக்கு மேற்கே துரத்திவிட்டார்கள். பெரிய அநியாயம் அது.

1822-இல் கென்டக்கியின் ஜேம்ஸ் ஜான்சன் அரசுக் குத்தகையோடு வந்தார், அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களையும் கூட்டிக்கொண்டு. சுரங்க நிலத்தை அரசு விற்கவில்லை; குத்தகைக்கு விட்டு, உருக்கிய ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு வாங்கியது. சொந்தமில்லாத நிலத்தில் யார் நம்பிப் பயிர் வைப்பார்கள்? 1840களில் நாட்டுக்கே ஈயத்தின் பெரும்பகுதி கலீனா வட்டாரத்திலிருந்துதான் போனது.

அப்புறம் காடு. உலைக்கும் நீராவிப் படகுக்கும் வீட்டுக்கும் மரத்தை வெட்டித் தள்ளினார்கள். மொட்டைச் சரிவிலிருந்து மண் கரைந்து ஆற்றில் இறங்கியது. மிசிசிப்பியிலிருந்து நீராவிப் படகுகள் ஊருக்குள்ளேயே வந்து சரக்கேற்றிய கலீனா ஆறு, வண்டல் தட்டி ஒடுங்கிப்போனது. இதற்குள் எளிதில் கிடைத்த தாது குறைந்துவிட்டது. கலிபோர்னியாவில் தங்கம் என்றதும் சுரங்கக்காரர்கள் பலர் கிளம்பிவிட்டார்கள். 1850களில் ரயிலும் வந்தது. படகுத்துறைக்கு வேலை குறைந்தது. நீங்கள் கேட்ட விவசாயிகளின் கை ஓங்கியது அதற்குப் பிறகுதான். அதிலும் அந்தச் சரிவு நிலத்துக்குச் சோளத்தோடு மாடும் பால்பண்ணையும் நன்றாக ஒத்துவந்தன.