சீனர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போது, நேர்ப்பொருள் ஒன்றும் வழக்கில் வேறொன்றுமாக இருந்து அதிகம் குழப்பும் சொல் எது?

என்னைக் கேட்டால் 'கிரீன்'. பச்சை நிறம் என்பதைத் தாண்டியதும் வம்பு ஆரம்பம்.

சீனாவில் வேலை பார்ப்பவர்களுக்கு மாலையில் இணையவழி வகுப்பு எடுக்கிறேன். ஒருநாள் பாடத்தில் ஒரு வாக்கியம்: கூட வேலை பார்ப்பவருக்குப் பதவி உயர்வு கிடைத்ததும் டேவிட் 'கிரீன்' ஆகிவிட்டான். படித்த பொறியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்படியென்றால் டேவிட்டின் மனைவிக்கும் அந்தப் பதவி உயர்வுக்காரருக்கும்..." என்று இழுத்தார். நான் திருதிருவென்று விழித்தேன்.

விஷயம் இதுதான். சீனர்களின் பொதுமொழியான மாண்டரினில் ஒருவன் பச்சைத் தொப்பி போட்டிருக்கிறான் என்றால், அவன் மனைவிக்கு வேறு தொடர்பு இருக்கிறது என்று பொருள். இப்போது தொப்பியையும் விட்டுவிட்டு 'அவனைப் பச்சையாக்கிவிட்டார்கள்' என்றே பேசுகிறார்கள். விலைமாதர் குடும்பத்து ஆண்கள் தலையில் பச்சைத் துணி கட்ட வேண்டும் என்று யுவான், மிங் அரசுகளின் காலத்தில் இருந்த விதியிலிருந்து இது வந்ததாகச் சொல்வார்கள். (சீன நண்பருக்குத் தொப்பி வாங்கித் தருவதாக இருந்தால் நிறம் பார்த்து வாங்குங்கள்.)

ஆங்கிலத்தில் பொறாமைக்குப் பச்சை, சீனத்தில் சிவப்பு. அடுத்தவன் வாழ்வைப் பார்த்து அங்கே கண் சிவக்கும். நமக்கோ கண் சிவந்தால் கோபம்! ஷாங்காய் பங்குச்சந்தையிலும் விலை ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை. அமெரிக்காவில் நேர்மாறு என்பதால், அங்கத்திய பங்குச் செய்தியில் 'கிரீன்' என்று வந்தால் என் மாணவர்களுக்கு ஒரு கணம் பகீர் என்கிறது.

இதெல்லாம் ஒருமுறை சொன்னால் மறக்காது. உண்மையில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது 'புது மேலாளர் கிரீன்' என்ற வாக்கியத்தோடுதான். சுற்றுச்சூழலில் அக்கறை உள்ளவர் என்றே எல்லோரும் எழுதினார்கள். தப்பில்லை, மாசில்லாமல் விளைந்த உணவுக்கு 1990இலிருந்தே அங்கே 'பச்சை உணவு' என்று அரசுத் திட்டம் இருக்கிறது. அனுபவம் போதாதவர் என்று விளக்கினால் தலையாட்டுவார்கள், அடுத்த வாரம் பழைய குருடி கதவைத் திறடி.

வழி காட்டியது நம்முடைய 'பச்சைப் பிள்ளை'தான். மாண்டரினில் பச்சைக்கு இரண்டு சொல் உண்டு: லூ, ச்சிங். தொப்பி, பங்கு, பச்சை உணவு எல்லாம் லூ. ச்சிங் பழைய சொல். புல்லின் பச்சை, வானத்தின் நீலம், கூந்தலின் கருமை எல்லாவற்றுக்கும் அதுவே போதும். இளைஞரை அவர்கள் ச்சிங்நியென் என்கிறார்கள், அதாவது பச்சை வயது. காய்வெட்டாக, துவர்ப்பாக இருக்கும் இளமைக்கும் ச்சிங்தான். "இந்த வாக்கியத்தில் லூவை மறந்துவிட்டு ச்சிங்கை நினையுங்கள்" என்றேன். "ஆ..." என்று ஒரு நீண்ட சத்தம். அதற்குப் பிறகு யாரும் தப்பாக எழுதவில்லை.

அந்தப் பொறியாளர் அன்றைய வீட்டுப்பாடத்தில் எழுதியிருந்தார்: "ஆங்கிலத்தில் நான் இன்னும் கிரீன்தான். ஆனால் தொப்பி இல்லை."