சர்வதேசச் சட்டமா, அரசமைப்புச் சட்டமா?

கேள்வி: எம்.எல். (சட்ட முதுகலை) இறுதியாண்டு படிக்கிறேன். முனைவர் பட்டத்துக்குச் சர்வதேசச் சட்டத்தை எடுக்க ஆசை. ‘அது சோறு போடாது, அரசமைப்புச் சட்டத்தை எடு’ என்கிறார் என் பேராசிரியர். என்ன செய்யட்டும்?
– வாசகி, மதுரை

பதில்: அவருடைய கவலை நியாயமானதுதான். ஆனால், இரண்டில் ஒன்றைக் கைகழுவித்தான் ஆகவேண்டும் என்று யார் சொன்னது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரண்டுக்கும் சேர்த்தே ஒரு துறை இருந்தது. 1951இல் அங்கே வந்து சேர்ந்தவர் சார்லஸ் அலெக்சாண்ட்ரோவிச். இன்று உக்ரைனில் உள்ள லிவிவ் நகரில் பிறந்தவர். நம் அரசமைப்பின் வளர்ச்சியைப் பற்றி 1957இல் நூல் எழுதினார். கூடவே, போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் இந்தப் பக்கத்து மன்னர்களோடு செய்த பழைய ஒப்பந்தங்களைத் தோண்டினார். அவற்றில் நம் மன்னர்கள் இறையாண்மை உள்ளவர்களாகவே நடத்தப்பட்டிருந்தார்கள். ‘சர்வதேசச் சட்டம் நாகரிக நாடுகளுக்குத்தான்’ என்று சொல்லி ஆசியாவை அதற்கு வெளியே தள்ளியது 19ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர்கள் செய்த வேலை என்று வாதிட்டார். சிட்னிக்குப் போன பிறகு, 1967இல் அது நூலாக வந்தது. சென்னைக்கு வராதிருந்தால் அதை எழுதியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இரண்டையும் சேர்த்து ஆய்வு செய்ய உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு விஷயம் கிடக்கிறது. இந்திய நிலப்பகுதியை வேறு நாட்டுக்குக் கொடுக்க அரசமைப்பையே திருத்த வேண்டும் என்று 1960இல், மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1974இல் கச்சத்தீவு இலங்கைக்குப் போனபோது அப்படித் திருத்தம் எதுவும் வரவில்லை. ‘எதையும் கொடுக்கவில்லை, எல்லைதான் வகுத்தோம்’ என்பது மத்திய அரசின் வாதம். அது நிற்குமா என்று பார்க்க, தீவு யாருடையதாக இருந்தது என்பதைச் சர்வதேசச் சட்டத்தைக் கொண்டும், யாரைக் கேட்டுக் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பதை அரசமைப்பைக் கொண்டும் அலச வேண்டும். மேடைப் பேச்சுக்கு இதில் பஞ்சமில்லை. நிதானமாக எழுத ஆள் வேண்டும்.

கச்சத்தீவு வேண்டாமென்றால் அரசமைப்பின் 253ஆவது பிரிவை எடுங்கள். வெளிநாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்ற, மாநிலப் பட்டியலில் உள்ளதற்கும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது அது. மாநிலத்தைக் கேட்காமலா? இப்படித் தலைப்பு வைத்தால் உங்கள் பேராசிரியரே வழிகாட்டியாக இருக்கச் சம்மதிப்பார்.

வேலைக்கு வருவோம். நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள். உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) இருந்தால் போதும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று 2023இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) மாற்றிவிட்டது. நெட் தேர்வு வழியாகத் தரப்படும் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், வீட்டில் கைநீட்டாமல் ஆய்வை முடிக்கலாம்.