இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடாதவர்கள் டிசம்பரை எப்படிக் கழிப்பது? ‘பேகன் முறை’ என்கிறார்களே, அது என்ன?

பிரிஸ்டலில் கீழ்வீட்டு அம்மா "நான் பேகன்" என்றபோது எனக்கு மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல்தான் நினைவுக்கு வந்தார். குளிருக்குப் பொருத்தமான பெயர்தான்! இவர்கள் வேறு. கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாட்டை இன்று மறுபடி கையில் எடுத்திருப்பவர்கள். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 74,000 பேர் தங்களைப் பேகன் என்று பதிந்திருக்கிறார்கள்.

அவர்களுடைய பண்டிகை ‘யூல்’. டிசம்பர் 21 வாக்கில், ஆண்டிலேயே நீளமான இரவில் வரும். ஊரில் இருந்தவரை எனக்கு இதெல்லாம் பஞ்சாங்கத்து வரி. இங்கே சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடுவதை ஒரு மாதம் பார்த்தால், இனிப் பகல் நீளும் என்பதற்கு ஏன் விளக்கேற்றுகிறார்கள் என்று புரிந்துவிடும்.

அந்த அம்மா வீட்டில் அன்று இருட்டியதும் மின்விளக்குகளை அணைத்துவிடுவார். பழைய வழக்கப்படி பெரிய மரக்கட்டையைக் கணப்பில் எரித்து, மிச்சத் துண்டை அடுத்த வருடம் தீ மூட்ட எடுத்துவைக்க வேண்டும். ஃப்ளாட்டில் கணப்புக்கு எங்கே போவது? கட்டையில் மூன்று குழி தோண்டி மெழுகுவர்த்தி நட்டுவிட்டார். சுற்றிலும் ஹோலி, ஐவி இலைகள். என் பங்குக்குச் சாம்பிராணி போட்டேன். புகை அலாரம் கட்டிடத்தையே எழுப்பிவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து சுண்டலோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். "எல்லாமே ஆதிகாலத்து வழக்கம்" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். யூல் என்ற பெயர் பழையது. ஆனால் யூலையும் சேர்த்து ஆண்டு முழுக்க இவர்கள் பின்பற்றும் எட்டுப் பண்டிகை வட்டம் இப்போதைய வடிவத்துக்கு வந்தது 1950களில்தான். ஆதிகாலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் யூல் சமயத்து விடியற்காலையில் கூட்டம் அலைமோதும், அனுமதி இலவசம். ஆனால் அந்தக் கற்களின் அமைப்பு அன்றைய அஸ்தமனத்தைப் பார்த்தது! போனால் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் ஜனவரி 17 அன்று சாமர்செட் பக்கம் ‘வாசெய்ல்’ பார்க்கப் போங்கள். அங்கே வருபவர்களில் பேகன்கள் கொஞ்சம்தான், ஊர்க்காரர்களே அதிகம். ஆப்பிள் தோப்பில் இரவில் கூடி, மரத்தின் வேரில் சைடர் என்ற ஆப்பிள் மதுவை ஊற்றுவார்கள். சைடரில் நனைத்த ரொட்டியை ராபின் குருவிகளுக்காகக் கிளையில் வைப்பார்கள். பிறகு தட்டு, வாளி என்று கையில் கிடைத்ததைத் தட்டி, துப்பாக்கியால் வானத்தில் சுட்டு, கெட்டதை விரட்டி மரத்தை எழுப்புவார்கள். 1752இல் பிரிட்டன் காலண்டரை மாற்றி 11 நாட்களை விழுங்கியதை இந்தத் தோப்புகள் ஏற்கவில்லை. பழைய கணக்கிலேயே நிற்கின்றன, அதனால்தான் ஜனவரி 17. நமக்கு அது காணும் பொங்கலை ஒட்டி வருகிறது.

தட்டுவதற்குப் பழைய பாத்திரமாக எடுத்துப் போங்கள். நான் கொண்டுபோனது அம்மா கொடுத்த எவர்சில்வர் தாம்பாளம். நசுங்கியதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.